பெயரில்லாத கலரும் நம் கல்லாப்பெட்டியும்



நம் பத்திரிகையில் வழக்கமாக வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்றுதான் எழுதுகிறோம். இந்த முறை நம் கடையில் மூலையில் கிடக்கும் ஒரு சின்னச் சரக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கேசரிக்குப் போடும் கலர், பஜ்ஜிக்குப் போடும் கலர், கோழி வறுவலுக்குப் போடும் கலர் ஆகிய பொட்டலங்களைத்தான் சொல்கிறேன். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வியாபாரம். மாதம் முழுவதும் விற்றாலும் ஒரு மூட்டை அரிசியின் லாபம் வராது. ஆனால் இந்தப் பொட்டலம் ஒரு நாள் என்னைத் தலைகுனிய வைத்தது.

திருவொற்றியூர் கோயில் தேரடியிலும் காசிமேட்டுப் பக்கத்திலும் பஞ்சு மிட்டாய் விற்கும் இளைஞர் ஒருவர் சில வருடங்களாக என்னிடம் சர்க்கரை வாங்கி வந்தார். வடநாட்டுப் பிள்ளை, அரைகுறைத் தமிழ் பேசுவார். சர்க்கரையோடு ரோஸ் கலரும் என்னிடமே வாங்குவார். அந்தக் கலரை நான் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அரைக் கிலோ கவராக வாங்கி வந்து, கரண்டியால் அள்ளிச் சின்னப் பொட்டலமாக மடித்து விற்றேன். கவரின் மேல் பெயர் இல்லை, கம்பெனி இல்லை, தேதி இல்லை. பில்லும் வாங்கவில்லை. "ரோஸ் கலர்" என்று கேட்டேன், கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் முதலில் புதுச்சேரியிலும், அடுத்து 17-ம் தேதி தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. கிண்டியிலுள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் மாதிரிகளைச் சோதித்ததில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததாக அறிவித்தார்கள். மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை கடை வாசலில் வந்து நின்றார். கையில் காலி மூங்கில் கழி. "அண்ணாச்சி, கலர் நீங்கதானே கொடுத்தீங்க?" என்றார். சண்டை போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான். இல்லை என்று சொல்ல முடியவில்லை. நான் கொடுத்தது ரோடமின்தானா, வேறு ஏதாவதா? அதற்கும் என்னிடம் பதில் இல்லை. கவரில் பெயர் இருந்தால்தானே பதில் இருக்கும்?

அவருக்கு அன்றோடு பிழைப்பு நின்றது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வித்தியாசம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

ரோடமின்-பி என்பது பட்டு, சணல், தோல், காகிதம், ஊதுவத்தி ஆகியவற்றுக்கு ஏற்றும் சாயம். தண்ணீரில் கலந்தால் பளீரென்று ரோஸ் நிறம் தரும். ஒரு சிட்டிகை ஒரு குடத்துக்குப் போதும். அதனால் மலிவு. உணவில் சேர்க்க அதற்கு அனுமதி கிடையாது. புற்றுநோய் வருமா, எத்தனை நாளில் வரும் என்றெல்லாம் டீக்கடை பெஞ்சில் விவாதம் நடந்தது. சட்டம் அந்த விவாதத்துக்குள் போவதில்லை. அனுமதிப் பட்டியலில் இல்லாத சாயம் உணவில் இருந்தால் அந்தச் சரக்கு குற்றம், முடிந்தது. தமிழ்நாட்டுக்குப் பின், மார்ச் மாதத்தில் கர்நாடகத்தில் 171 கோபி மஞ்சூரியன் மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். 107-ல் பாதுகாப்பற்ற செயற்கைக் கலர் இருந்தது. அங்கும் தடை வந்தது. ஜூனில் கபாபுக்குக் கலர் போடுவதையும் நிறுத்தச் சொன்னார்கள். இந்தக் கலர்கள் எல்லாம் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. எங்கோ ஒரு மளிகைக் கடையில் பொட்டலமாக மடித்துக் கொடுத்ததுதான்.

அனுமதி பெற்ற செயற்கைக் கலர்கள் நம் நாட்டில் எட்டே எட்டு. சிவப்பு வகையில் பொன்சோ 4ஆர், கார்மோசின், எரித்ரோசின். மஞ்சள் வகையில் டார்ட்ரசின், சன்செட் யெல்லோ. நீலத்தில் இண்டிகோ கார்மின், பிரில்லியண்ட் புளூ. பச்சையில் ஃபாஸ்ட் கிரீன். இவற்றையும் எல்லா உணவிலும் போட முடியாது. மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், பருப்பு, டீத்தூள் இவற்றில் எந்தக் கலரும் கூடவே கூடாது. போடலாம் என்று அனுமதித்த உணவிலும் பொதுவாகப் பத்து லட்சத்தில் நூறு பங்குதான் வரம்பு. நம் கணக்கில் சொன்னால் பத்துக் கிலோ பண்டத்துக்கு ஒரு கிராம் சாயம். மிட்டாய் மாஸ்டர் எவராவது ஒரு கிராமை நிறுத்துப் போடுகிறாரா? கைவிரல்தான் அவருக்குத் தராசு. போதாததற்கு, கடையில் விற்கும் பொட்டலத்தில் முழுவதும் சாயம் இருக்காது. உப்போ குளுக்கோஸோ கலந்திருக்கும். எவ்வளவு சாயம், எவ்வளவு உப்பு என்று லேபிள்தான் சொல்ல வேண்டும். லேபிளே இல்லாத பொட்டலத்தில் மாஸ்டர் எதை வைத்து அளப்பார்?

அனுமதி பெற்றவற்றின் மீதும் உலகத்தில் சந்தேகம் வளர்ந்து கொண்டுதான் வருகிறது. 2007-ல் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுக்குப் பின், 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் ஆறு கலர்கள் சேர்த்த உணவுகளில் "குழந்தைகளின் செயல்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்" என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றாகிவிட்டது. அந்த ஆறில் நான்கு, அதாவது டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின், பொன்சோ 4ஆர், நம் எட்டிலும் இருக்கின்றன. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் எரித்ரோசினுக்கு உணவில் கொடுத்திருந்த அனுமதியை ரத்து செய்து, கம்பெனிகளுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம் தந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் உணவுக் கலர்களையே படிப்படியாக நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். ஆம், இந்தச் சாயங்களுக்கு மூலம் முன்பு நிலக்கரித் தார், இன்று பெட்ரோலியம். மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கியைப் பார்த்தபடி கடை திறக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செயற்கைச் சாயம் வருவதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதற்கு நம் ஊரே சாட்சி. மெட்ரோ ரயிலில் காலடிப்பேட்டை என்று அறிவிக்கிறார்களே, அந்தப் பேட்டை 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் பெயரில் ஏற்பட்டது. காலெட் பேட்டைதான் வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கம்பெனி ஏற்றுமதிக்குத் துணி நெய்யும் நெசவாளர்களையும், துணியில் சாயம் தீட்டுவோரையும் அங்கே குடியேற்றினார்கள். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரைத் துணியின் சிவப்புக்கு ஐரோப்பாவில் தனி மதிப்பு. அந்தச் சிவப்பு கொடுத்தது சாயவேர். கடலோர மணலில் படர்ந்து கிடக்கும் சின்னச் செடி அது. நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் என்று கேட்டால் தெரியும். வேரைத் தோண்டிக் காயவைத்து இடித்து, கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய துணியில் ஏற்றினால் எத்தனை வெளுப்புக்கும் நிறம் போகாது. இலங்கையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் டச்சுக்காரர்கள் சாயவேர் தோண்டுவதிலேயே வருமானம் பார்த்தார்கள். சாயம் தீட்டியவர்கள் போய்விட்டார்கள். கடுக்காயும் படிகாரமும் இன்றும் நம் கடை டப்பாவில் இருக்கின்றன!

1856-ல் லண்டனில் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தான். 1868-ல் ஜெர்மானியர்கள் இருவர் சாயவேரில் உள்ள அலிசரின் என்ற அதே சிவப்புப் பொருளைத் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். 1897-ல் பி.ஏ.எஸ்.எப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாயவேர் மட்டுமல்ல, அவுரி வியாபாரமும் படுத்துவிட்டது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் கொஞ்சம் அவுரி பயிராகிறது என்பதோடு சரி.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. காலடிப்பேட்டைக்காரர் சாயவேரைத் துணிக்குத்தான் போட்டார். அதை அள்ளிக் கேசரியில் போடவில்லை. கேசரிக்குக் குங்குமப்பூ, சாதத்துக்கு மஞ்சள் என்று வீட்டில் வேறு கணக்கு இருந்தது. துணிச் சாயமும் வயிற்றுக்குப் போகும் சாயமும் வேறு வேறு என்ற அறிவு இருந்தது. இன்று இரண்டும் ஒரே மாதிரிப் பொடி, ஒரே மாதிரி டிரம், ஒரே மாதிரி பாலிதீன் கவர். பெயர் எழுதாத இடத்தில் இந்த இரண்டும் கலந்துவிட்டன. கலந்தவர்களில் நானும் ஒருவன்.

இயற்கை நிறங்களில் நம் சட்டம் வெகு காலமாக ஒப்புக்கொண்டவை: குங்குமப்பூ, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின், சாப்பிரா விதையின் அன்னாட்டோ, பீட்டா கரோட்டின், இலைகளின் குளோரோபில், ரிபோபிளேவின், சர்க்கரையைக் கருக்கி எடுக்கும் கேரமல். வெண்ணெய்க்கு மஞ்சள் நிறம் தருவது பெரும்பாலும் அன்னாட்டோதான். இவற்றில் பாதி நம் கடைப் பண்டங்களின் உறவு. ஈரோட்டு மஞ்சளில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு குர்குமின். மஞ்சளை வாங்கி அதன் நிறச்சத்தை மட்டும் பிரித்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் கேரளத்தில் பல ஆண்டுகளாக நடக்கின்றன. சத்தியமங்கலம் பக்கத்திலும் கர்நாடகத்திலும் செண்டுமல்லியை ஒப்பந்தம் போட்டு வளர்க்கிறார்கள். அதன் இதழ்ச் சத்து கோழித் தீவனத்தில் போய் முட்டை மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுக்கிறது. வடிவுடையம்மன் சந்நிதிக்குப் போகும் பெண்கள் வாங்கும் குங்குமமும் இப்படித்தான் பிறந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது வெற்றிலை போடுகிறவர் எவருக்கும் தெரியும். அந்த மஞ்சள் குங்குமம் விலை கூடுதல், நிறம் சற்று மங்கல் என்று ஒதுக்கி, நாம்தான் பளபளக்கும் சாயக் குங்குமத்தை முன்வரிசையில் வைத்தோம்.

செடி மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் நிறம் செய்கின்றன. கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இட்லி மாவைப் புளிக்க வைப்பதும் பாலைத் தயிராக்குவதும் யார் என்று திருப்பிக் கேட்டேன், சும்மா இருந்துவிட்டார்கள். பெரிய தொட்டிகளில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து அதிலிருந்து பீட்டா கரோட்டின் எடுக்கிறார்கள். கேரட்டில் இருக்கும் அதே ஆரஞ்சுப் பொருள்தான். வைட்டமின் மாத்திரையைச் சாப்பிட்டால் மறுநாள் மஞ்சளாகப் போகிறதே, அந்த ரிபோபிளேவினும் இன்று பெரும்பாலும் நுண்ணுயிரைக் கொண்டே தயாராகிறது. உப்பளப் பாத்தி சில சமயம் ரோஸ் நிறமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வளரும் ஒரு பாசியிலும் பீட்டா கரோட்டின் நிறைய உண்டு, ஆஸ்திரேலியாவில் அதற்கென்றே உப்பு ஏரிகளில் பண்ணை வைத்திருக்கிறார்கள்.

சுருள்பாசி என்ற ஸ்பைருலினா கதை நமக்கு இன்னும் நெருக்கம். திருவொற்றியூர் கார்பொரண்டம் கம்பெனி நமக்குத் தெரியும். அந்த முருகப்பா குழுமத்தின் ஆதரவில் தரமணியில் நடந்த ஆராய்ச்சி மையத்தில், விஞ்ஞானி சி.வி.சேஷாத்ரி தலைமை வகித்த காலத்திலேயே, கிராமத்துப் பெண்கள் மண்பானையிலும் தொட்டியிலும் சுருள்பாசி வளர்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது அது சத்துணவு. பின்னர் அதே குழுமம் புதுக்கோட்டை பக்கம் ஊனையூரில் பெரிய அளவில் வளர்க்கத் தொடங்கியது. அந்தப் பாசியிலிருந்து பிரித்தெடுக்கும் நீல நிறத்தை 2013-ல் அமெரிக்கா மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் அனுமதித்தது. இயற்கையில் உண்ணத்தக்க நீலம் அபூர்வம்; ஆகவே உலகத்து மிட்டாய்க் கம்பெனிகள் அதைத் தேடி ஓடுகின்றன. 2025 மே மாதத்தில் இன்னொரு பாசி நீலத்துக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. நம் வேலியோரச் சங்குப்பூ நீலத்தைச் சேர்க்கக்கூடிய பண்டங்களின் பட்டியலையும் நீட்டினார்கள்.

இதைப் படித்துவிட்டு "இயற்கை என்று லேபிள் ஒட்டினால் போதும், இரண்டு மடங்கு விலை போடலாம்" என்று யாராவது கிளம்பினால் அதற்கும் நான் ஆதரவு இல்லை. இயற்கைச் சரக்குக்கும் குறை உண்டு. மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். கண்ணாடி ஜாடியில் வாசலில் வைத்தால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். பீட்ரூட் சூட்டில் பழுப்பாகும். சங்குப்பூவில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிவிடும். சுருள்பாசி நீலம் புளிப்பையும் சூட்டையும் தாங்காது. கார்மைன் என்றொரு அழகான சிவப்பு இருக்கிறது, முழுக்க இயற்கைதான். ஆனால் பூச்சியை உலர்த்தி எடுப்பது. சைவ வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லாமல் விற்றால் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க முடியுமா?

சீனத்திலும் ஜப்பானிலும் அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துச் சிவப்பு அரிசி செய்வது நெடுங்கால வழக்கம். அந்தப் பூஞ்சையின் சில வகைகள் சிட்ரினின் என்ற நஞ்சையும் சேர்த்தே உண்டாக்கும். அதனால் வகை பார்த்து, சோதித்துத்தான் பயன்படுத்த வேண்டும். 2024 மார்ச்சில் ஜப்பானில் கோபயாஷி என்ற மருந்துக் கம்பெனியின் சிவப்பு அரிசி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்து, பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், உயிர்ச்சேதமும் பேசப்பட்டது. தயாரிப்பில் வேறொரு பூஞ்சை புகுந்து நஞ்சு சேர்ந்திருந்தது என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சிவப்பு அரிசியை நிறத்துக்காக வாங்கிச் சேர்த்திருந்த மற்ற உணவுக் கம்பெனிகளும் சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. ஆனால் ஒன்று பாருங்கள்: எந்த மூட்டை, எந்தத் தேதி, யாருக்குப் போனது என்று அவர்களால் தேடிப் பிடிக்க முடிந்தது. என்னுடைய ரோஸ் கலரை யார் தேடிப் பிடிப்பது?

ஆக, செடியா, பாசியா, பெட்ரோலியமா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. பெயர் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இது வியாபாரிக்குப் பாதுகாப்பான கேள்வியும்கூட. 1954-ம் வருடத்துக் கலப்படத் தடைச் சட்டம் இருந்த காலத்தில் "வாரண்டி பில்" என்று சொல்வோமே, மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். 2011 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதற்கு இடம் உண்டு. 26-வது பிரிவின்படி நமக்குச் சரக்குப் போடுகிறவர் தரத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். அவர் தரும் பில்லையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சட்டம் சொல்கிறது. 27-வது பிரிவில், யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத கடைக்காரர் தானே பொறுப்பாளி ஆகிறார். பில் இல்லாமல் மிச்சம் பிடித்த நாற்பது ரூபாய்க்கு நாம் அடகு வைப்பது நம் லைசென்ஸை.

"மாதிரி எடுக்க வருகிறவர்கள் சின்னக் கடைக்காரனைத்தான் பிடிக்கிறார்கள், டிரம் டிரம்மாக விற்கிறவனை விட்டுவிடுகிறார்கள்" என்று நம் உறுப்பினர்கள் குறைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மேலிடத்தில் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வங்காளதேசம் உதாரணம். 1980-களில் மழை வெள்ளத்தில் நிறம் மங்கிய மஞ்சளைப் பளபளப்பாக்க அங்கே ஈயக் குரோமேட் என்ற பெயிண்ட் சாயத்தைத் தேய்க்கத் தொடங்கி, அதுவே பழக்கமாகிவிட்டது. 2019-ல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-ல் ஈயம் இருந்தது. டாக்கா மொத்த மார்க்கெட்டில் சோதனை போட்டு, மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்து, ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டினார்கள். 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் இல்லை. இரண்டே வருடம்! இதை நம் அதிகாரிகளிடம் சங்கம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதே சமயம், டிரம்காரனைக் காட்டிக் கொடுக்க நம் கையில் பில் வேண்டுமே.

நிறம் கேட்பது வாடிக்கையாளர்தான், நாம் என்ன செய்ய முடியும் என்பார்கள். இதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். மிளகாய்த் தூள் பார்ட்டியிடம் "கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்று சொல்வது வாடிக்கையாளர் அல்ல, நாம். அந்தத் தூக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2003-ல் நம் நாட்டு மிளகாய்ச் சரக்கில் சூடான் சாயம் இருப்பதை பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பா முழுவதும் சோதனைச் சான்று கேட்க ஆரம்பித்தது. 2005-ல் இங்கிலாந்தில் ஒரு சாஸ் தயாரிப்பில் போன மிளகாய்த் தூளால் நூற்றுக்கணக்கான பண்டங்களைக் கடைகளிலிருந்து அள்ள வேண்டி வந்தது. சுத்தமான சரக்கு அனுப்பியவரும் சேர்ந்து அடிபட்டார்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை சுலபம். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரின் மேல் மிளகாய்த் தூளைத் தூவுங்கள். சாயம் சேர்ந்திருந்தால் கோடு கோடாக நிறம் கீழே இறங்கும். மஞ்சள் தூள் நல்லதானால் அடியில் தங்கி, மேல் தண்ணீர் இலேசான மஞ்சளாக நிற்கும். தண்ணீர் முழுதும் அடர்ந்த மஞ்சளானால் சந்தேகப்படுங்கள். காய்ந்த பச்சைப் பட்டாணியை அரை மணி நேரம் ஊற வைத்தால் தண்ணீரே சொல்லிவிடும். புது பார்ட்டியின் சரக்கு என்றால் நான் இப்போது இதைச் செய்யாமல் மூட்டையை இறக்குவதில்லை. லோடுமேன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

"நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவான்" என்பது கடைசி வாதம். உண்மைதான். அதனால்தான் இதைத் தனிக் கடைக்காரன் செய்து பயனில்லை, சங்கமாகச் செய்ய வேண்டும் என்கிறேன். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை நம் உறுப்பினர் கடைகளில் பெயர், தயாரித்தவர் லைசென்ஸ் எண், தேதி மூன்றும் இல்லாத கலரை நிறுத்திவிட்டால், கேட்கிறவர் பத்து நாள் முணுமுணுப்பார். அந்த இடத்தில் பீட்ரூட் பொடி, நல்ல மஞ்சள், மஞ்சள் குங்குமம் ஆகியவற்றைச் சங்கத்தின் மூலம் மொத்தமாக, பில்லோடு வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு கடைக்கு அரைக் கிலோ பீட்ரூட் பொடி தர எந்த உற்பத்தியாளரும் வர மாட்டார். நூறு கடைக்கு என்றால் வாசலில் வந்து நிற்பார். சூப்பர் மார்க்கெட்காரர் சின்ன டப்பாவில் அடைத்து விற்கும் சரக்கை நாம் பாதி விலைக்குக் கொடுக்கலாம். பெரிய லாபம் என்று ஆசை காட்ட மாட்டேன். கேசரிக்குப் பீட்ரூட் போட்டால் கல்யாண வீட்டு நிறம் வராது, இதை வாங்குகிறவரிடமும் சொல்லியே விற்க வேண்டும்.

அந்தப் பஞ்சு மிட்டாய்ப் பிள்ளை சில மாதம் கட்டட வேலைக்குப் போய்விட்டு மறுபடி வந்தார். ஒரு டப்பா பீட்ரூட் பொடி கொடுத்து முயன்று பார்க்கச் சொன்னேன். மெஷின் சூட்டில் கருகி அடைத்துக்கொண்டது என்று இரண்டாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார். இப்போது வெள்ளையாகவே விற்கிறார். ரோஸ் இல்லையா என்று குழந்தைகள் கேட்கிறார்களாம். வியாபாரம் முன்பு மாதிரி இல்லை என்கிறார். அவர் வாங்கும் சர்க்கரைக்குக்கூட நான் இப்போது பில் போட்டுத்தான் கொடுக்கிறேன். எதற்கு என்று கேட்டார். வைத்துக்கொள் தம்பி என்றேன்.

பெயரும் பில்லும் இல்லாத கலரை உறுப்பினர் கடைகளில் விற்பதில்லை என்ற தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவுக்காக எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முன்மொழிபவர் இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. வழிமொழியும் இடம் காலியாக இருக்கிறது.